புதுச்சேரி நடுங்கினால்…

2001 செப்டம்பர் 25, செவ்வாய்க்கிழமை. இரவு எட்டரை மணி ஆகச் சில நிமிடங்கள் இருந்தபோது புதுச்சேரிக்குக் கிழக்கே கடலடியில் பூமி அசைந்தது. அளவு 5.5. புதுச்சேரியில் மட்டுமல்ல, சென்னையிலும் மக்கள் வீட்டைவிட்டுத் தெருவுக்கு ஓடி வந்தார்கள். குஜராத்தின் பூஜ் நகரம் நிலநடுக்கத்தில் தரைமட்டமாகி எட்டு மாதங்கள்தான் ஆகியிருந்தன. சுவர்களில் விரிசல் விட்டதோடு சேதம் நின்றது. ஆனால் அந்தப் பீதியில் மூன்று உயிர்கள் போயின.

நம் பக்கம் நிலநடுக்கம் எப்படி வரும் என்று கேட்பவர்கள் உண்டு. இமயமலை அடிவாரம் போல இங்கே இரண்டு கண்டத்தட்டுகள் மோதவில்லை என்பது உண்மைதான். ஆனால் பல கோடி ஆண்டுகளுக்கு முன் கோண்டுவானா கண்டம் பிளந்தபோது ஏற்பட்ட பழைய பிளவுகள் காவிரிப் படுகைக்கு அடியில் இன்னமும் இருக்கின்றன. அவற்றில் ஒரு தொகுதி அரியலூரிலிருந்து புதுச்சேரி வழியாகக் கடலுக்குள் இறங்குகிறது. இந்தியத் தட்டு வடக்கே ஆசியாவை முட்டித் தள்ளும் அழுத்தம் தீபகற்பம் முழுவதும் பரவுகிறது. அந்த அழுத்தத்தில் பழைய பிளவு எதுவும் எப்போதாவது வழுக்கலாம்.

இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2002இல் வெளியிட்ட நிலநடுக்க மண்டல வரைபடம் புதுச்சேரியை மண்டலம் 2இல் வைத்தது. அதாவது ஆபத்து மிகக் குறைந்த வகை. வடக்கே 150 கி.மீ. தள்ளியிருக்கும் சென்னையை மண்டலம் 3இல் வைத்தது. மண்டலம் 2 என்ற எண் தரும் நிம்மதியைத்தான் நான் அஞ்சுகிறேன். 1993 செப்டம்பர் 30 அதிகாலையில் மகாராஷ்டிரத்தின் லாத்தூர் பகுதி குலுங்கியபோது, அன்றைய வரைபடத்தில் அந்த ஊர்கள் இருந்தது ஆபத்து மிக மிகக் குறைவு என்று கருதப்பட்ட மண்டலம் 1இல். அளவு 6.2தான். தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் கனமான கல் சுவர்கள் சரிந்தன. ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மண்டலம் 1 என்ற வகையையே பிறகு நீக்கிவிட்டார்கள்.

புதுச்சேரியின் பழைய வீதிகளில் நடந்து பாருங்கள். செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் சேர்ந்த தடித்த சுவர்கள், மர உத்தரங்களின் மேல் செங்கல்லை அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரைகள், தெருவை எட்டிப் பார்க்கும் கைப்பிடிச் சுவர்கள். இந்தக் கட்டுமானம் மேலிருந்து இறங்கும் பாரத்தை நூறு ஆண்டுகள் தாங்கும். பக்கவாட்டில் இழுத்தால் சுவரும் கூரையும் தனித்தனியே ஆடத் தொடங்கும். நான்கு சுவர்களையும் சுற்றிக் கட்டும் பெல்ட் பீம் இருந்தால் அவை ஒன்றாக அசையும். பழைய வீடுகளில் அது கிடையாது. கடற்கரைச் சாலையில் இருந்த பழைய நகர மண்டபமான மேரி கட்டடம் 2014 நவம்பர் இறுதியில் இடிந்து விழுந்ததற்கு நிலநடுக்கமே தேவைப்படவில்லை. மழை போதுமானதாக இருந்தது. உலக வங்கிக் கடனில், கடலோரப் பேரிடர் அபாயக் குறைப்புத் திட்டத்தின் கீழ், பழைய தோற்றத்திலேயே அதை எழுப்பி 2021 பிப்ரவரியில் திறந்தார்கள். நல்ல காரியம். விழுவதற்கு முன்பே வலுப்படுத்த வேண்டிய வீடுகள் இன்னும் நிறைய இருக்கின்றன.

புதிய அடுக்குமாடிகளில் சிக்கல் வேறு. தரைத்தளத்தில் சுவரே இல்லாமல் பில்லர்களை மட்டும் நிறுத்தி வண்டி நிறுத்த இடம் விடுகிறோம். 2001 ஜனவரியில் பூஜிலிருந்து 200 கி.மீ.க்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் இப்படிப்பட்ட கட்டடங்கள் பல விழுந்தன. பில்லருக்குள் வைக்கும் ரிங் கம்பியின் முனைகளை உள்பக்கமாக 135 பாகை மடக்க வேண்டும். அப்போதுதான் கான்கிரீட் உடைந்தாலும் உள்ளிருக்கும் கம்பிகள் பிதுங்காது. செலவே இல்லாத இந்த வேலைக்கு விதிமுறை உண்டு. ஆனால் அது மண்டலம் 3 முதல்தான் கட்டாயம். புதுச்சேரி தானாகவே அதைக் கட்டாயமாக்கிக்கொள்ள வேண்டும் என்பேன். கடலோரத்தில் சில அடி தோண்டினாலே நீர் ஊறும் தளர்ந்த மணல் இருக்கும் இடங்களில், அடித்தளம் போடும் முன் மண் பரிசோதனையும் வேண்டும். நீர் தோய்ந்த மணல் குலுங்கும்போது தரை கொஞ்ச நேரம் கூழ்போல் ஆகி, மேலே நிற்பதைத் தாங்காது.

இந்த ஊர் கடலின் சீற்றத்துக்குப் பழகியது. தானே புயலையும் ஃபெஞ்சல் புயலையும் பல நாள் முன்பே அறிந்திருந்தோம். 2004 டிசம்பர் 26இல் சுமத்ரா அருகே பூமி பிளந்து, அலை நம் கரையைத் தொட இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. அன்று அந்த அவகாசம் வீணாயிற்று. புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் ஏறத்தாழ 600 பேரை இழந்தோம், பெரும்பாலோர் காரைக்காலில். 2007இல் ஐதராபாத்தில் எச்சரிக்கை மையம் தொடங்கிய பிறகு சுனாமிச் செய்தி சில நிமிடங்களில் வந்துவிடுகிறது. ஆனால் 50 கி.மீ. தொலைவில் நிகழும் நிலநடுக்கத்தில், முதல் மெல்லிய அதிர்வுக்கும் பலமான குலுக்கலுக்கும் நடுவே கிடைப்பது ஆறேழு நொடி. மேசைக்கு அடியில் புகுந்து அதன் காலைப் பிடித்துக்கொள்ள மட்டுமே அது போதும். அந்த நொடிகளில் படிக்கட்டில் இறங்கி ஓடுகிறவர், பழைய வீதிகளில் சரியும் கைப்பிடிச் சுவருக்கு நேர் கீழே போய் நிற்பார்.

அதன் பிறகு மீட்பு. தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காவது பட்டாலியன் அரக்கோணத்தில் இருக்கிறது. சாலை நன்றாக இருந்தாலே வந்து சேர மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். உலகில் எங்கே நிலநடுக்கம் வந்தாலும், இடிபாட்டிலிருந்து உயிரோடு வெளிவருபவர்களில் பெரும்பாலோரை முதல் சில மணி நேரத்தில் அக்கம்பக்கத்தார்தான் தூக்குகிறார்கள். எனவே பெரிய மார்க்கெட் போன்ற நெரிசலான இடங்களைச் சுற்றியுள்ள ஒவ்வொரு வீதியிலும் ஜாக்கி, கடப்பாரை, ஸ்ட்ரெச்சர் எங்கே இருக்கின்றன என்று ஆட்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இதில் புதுச்சேரிக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. பிரெஞ்சு ஆட்சி விட்டுச்சென்ற எல்லைக்கோடுகளால் மாவட்டமே தமிழ்நாட்டுக்குள் துண்டுதுண்டாகக் கிடக்கிறது. நகரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலாப்பட்டு போக, விழுப்புரம் மாவட்டத்துக் கோட்டக்குப்பத்தைக் கடந்தாக வேண்டும். கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் மருத்துவமனைக்கு விழுப்புரம், கடலூர் மாவட்ட நோயாளிகளும் வருகிறார்கள். கோட்டக்குப்பத்தில் கட்டடம் விழுந்து சாலை அடைபட்டால் அதை அகற்றும் ஜேசிபி எந்த அரசின் உத்தரவில் வரும்? அரியாங்குப்பம் பாலம் சேதமானால் தெற்கே இருப்பவர்களைக் கடலூர் அரசு மருத்துவமனைக்கு அனுப்பும் முடிவை யார் எடுப்பது? இந்தக் கேள்விகளை மேசைமேல் வைத்து, புதுச்சேரி, விழுப்புரம், கடலூர் மூன்று மாவட்ட ஆட்சியர்களும் சேர்ந்து ஒரே நாளில், ஒரே கட்டுப்பாட்டு அறையிலிருந்து நிலநடுக்க ஒத்திகை நடத்த வேண்டும். சுனாமி ஒத்திகை நடத்தத் தெரிந்த அதிகாரிகளுக்கு இது புதிய வேலை அல்ல.