முதல் கப்பலே பெரிய கப்பலா? கவிழ்ந்துடும், சார்!

1628-ம் ஆண்டு ஆகஸ்டு 10-ந் தேதி. சுவீடன் தலைநகர் ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் ஒரே கூட்டம். புத்தம் புதிய போர்க்கப்பல் 'வாசா' முதல் பயணம் புறப்பட்டது. இரண்டு அடுக்கில் 64 பீரங்கிகள்!

ஒரு மைல் தூரம்கூடப் போகவில்லை. காற்று அடித்தது. கப்பல் சாய்ந்தது. பீரங்கி ஜன்னல் வழியாகத் தண்ணீர் புகுந்தது. அவ்வளவுதான், கதை முடிந்தது! மேல்பாரம் அதிகம், அடிப்பாரம் போதவில்லை.

1961-ல் வாசாவைக் கடலடியிலிருந்து தூக்கினார்கள். இன்று அது ஸ்டாக்ஹோம் மியூசியத்தில் நிற்கிறது. பத்தில் ஒரு பங்கு அளவில் செய்த மாதிரிக் கப்பலும் அங்கே இருக்கிறது.

இப்படி மாதிரி மரக்கப்பல் செய்வதைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள் பல நாடுகளில் உண்டு. புதிதாக இறங்குகிறவர் பண்ணும் முதல் தப்பும் வாசாவின் தப்புதான். அகலக்கால்!

முடிச்சு சுருங்குமா?

1805 டிரபால்கர் போரில் நெல்சன் ஏறிய 'விக்டரி'யைத்தான் முதலில் செய்யணும் என்று பலருக்கு ஆசை. 104 பீரங்கி. மூன்று பாய்மரம். 40 கிலோமீட்டருக்கும் மேல் கயிறு. நூற்றில் ஒரு பங்காகக் குறைத்தால் கப்பல் 70 சென்டிமீட்டராகச் சுருங்கும். கயிறும் சுருங்கும். ஆனால் முடிச்சு? அது அப்படியே இருக்கும்!

கடைசியில் என்ன ஆகும்? பாதிக் கப்பல் அலமாரி மேலே ஏறும். "இந்தக் குப்பையை எப்போ எடுக்கப் போறீங்க?" என்று வீட்டில் குரல் கேட்கும். போட்ட பணமும் போச்சு, ஆசையும் போச்சு.

சின்னப் படகே போதும்

முதல் வேலைக்கு ஏற்றது 'டோரி' என்ற துடுப்புப் படகு. வட அமெரிக்காவில் நியூபவுண்ட்லாந்து கடலுக்கு மீன் பிடிக்கப் போன கப்பல்களில், சாப்பாட்டுத் தட்டு மாதிரி ஒன்றுக்குள் ஒன்றாக இதை அடுக்கிக்கொண்டு போவார்கள். தட்டையான அடி, பக்கத்துக்குச் சில பலகை. பாய்மரமும் இல்லை, பீரங்கியும் இல்லை.

அடுத்தது ஒற்றைப் பாய்மரக் கப்பல். இதில்தான் உண்மையான பாடம் ஆரம்பம். அடிக்கட்டை முதுகெலும்பு மாதிரி. அதில் குறுக்கே விலாச் சட்டங்களை நேராக ஒட்ட வேண்டும். ஒன்று கோணினாலும் கப்பலே கோணல்!

பிறகு ஒரு மரப்பட்டையைச் சட்டங்கள் மேல் வளைத்துப் பாருங்கள். எங்கே தொடாமல் தூக்குகிறதோ, எங்கே முட்டுகிறதோ, அங்கே உப்புத்தாள் போட்டோ துண்டு ஒட்டியோ சரிசெய்யணும். இதில் அவசரப்பட்டால் பின்னாடி எந்தப் பெயிண்டும் மறைக்காது.

இடம் ஒன்று, வலம் ஒன்று

பட்டை வளைய மாட்டேன் என்கிறதா? தண்ணீரில் ஊறப்போட்டு வளையுங்கள். கப்பலின் வயிறு பெரிசு, மூக்கு சின்னது. அதனால் மூக்குப் பக்கம் பட்டையின் அகலத்தைச் சீவிக் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும்.

ஒரே பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போகக் கூடாது. முதுகெலும்பு வளைந்துவிடும். இடப்பக்கம் ஒன்று ஒட்டினால் வலப்பக்கம் ஒன்று. இடைவெளி விழுந்தாலும் பயம் வேண்டாம். மரத்தூளைப் பசையில் குழைத்து அடைத்து, காய்ந்ததும் தேய்த்தால் சரியாகிவிடும்.

கருவி? கூர்மையான பிளேடு, ஸ்கேல், உப்புத்தாள், வெள்ளைப் பசை, குண்டூசி, துணி காயப்போடும் கிளிப். ஆரம்பத்துக்கு இவ்வளவு இருந்தால் போதும். பாய்மரக் கயிற்றுக்கு நூல் வாங்கினால் தேன்மெழுகில் ஒருமுறை இழுத்துவிடுங்கள், பிசிறு அடங்கும்.

ஆபீஸ் விட்டு, கடை பூட்டி வந்தபிறகு தினம் அரைமணி போதும். ஒரு நாளைக்கு இரண்டு பட்டை. ஒட்டியாச்சா? கிளிப்பைப் போட்டுவிட்டு விளக்கை அணையுங்கள். பசை காய்கிற வேலையை யாராலும் வேகப்படுத்த முடியாது!