மனச்சிதைவுச் சாயலும் நோய் அபாயமும்

மனச்சிதைவு நோயின் மெல்லிய சாயல்கள் நலமாக வாழ்வோரிடமும் காணப்படுவதுண்டு. அளவு கடந்த ஐயம், விந்தையான நம்பிக்கை, புலன் மயக்கம், பிறரிடமிருந்து ஒதுங்குதல் ஆகிய இப்பண்புகளை உளவியலார் 'ஸ்கிஸோடைபி' என்பர். இவற்றை அளக்க ஏட்ரியன் ரெய்ன் 1991-இல் வகுத்த வினாப்பட்டியலில், ஆம் அல்லது இல்லை என விடையளிக்க வேண்டிய 74 வினாக்கள் உள்ளன.

மதிப்பெண் மிகுந்தால் நோய் உறுதி எனக் கொள்ளலாகாது. அமெரிக்காவில் கல்லூரி மாணவர்களைப் பத்தாண்டுகளுக்குப் பின் மீண்டும் ஆராய்ந்த சாப்மன் தம்பதியர், 1994-இல் முடிவுகளை வெளியிட்டனர். விந்தை நம்பிக்கை, புலன் மயக்கம் ஆகியவற்றில் மிகுந்த மதிப்பெண் பெற்றிருந்தோரில் ஏறத்தாழ 5 விழுக்காட்டினருக்குக் கடும் மனநோய் கண்டது. ஒப்பீட்டுக் குழுவில் இது ஏறத்தாழ 1 விழுக்காடு. அபாயம் கூடுதலே, எனினும் பெரும்பாலோர் நோயுறவில்லை.

வட்டாரப் பண்பாடும் கருதத்தக்கது. செகந்திராபாத் உஜ்ஜயினி மகாகாளி கோயிலில் போனாலு விழாவின்போது அருள்வாக்குக் கூறும் 'ரங்கம்' சடங்கு நடைபெறுகிறது. அருகிலுள்ள அல்வாலில் வாழும் ஒருவர் அவ்வாக்கை நம்புவது சமூக வழக்கமேயன்றி நோய்க்குறியன்று.

ஆகவே இவ்வினாப்பட்டியல் ஓர் ஆய்வுக் கருவி. வேலையிலிருந்தோ திருமணத்திலிருந்தோ ஒருவரை விலக்கும் சான்றிதழ் அன்று. துன்புறுவோருக்கு விரைவில் மருத்துவ உதவி கிட்டச் செய்வதே 1996-இல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டத்திற்கு ஏற்ற பணியாகும்.