பல்லைக் குடையும் ஒளியை எழுதிக் காட்டுவது

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் தகடு வெட்டும் ஃபைபர் லேசரின் அலைநீளம் சுமார் 1 மைக்ரோமீட்டர். கண்ணாடி இழைக்குள் அது சுகமாக வந்துவிடும். பல் மருத்துவரின் எர்பியம் லேசர் வேறு ரகம். அதன் அலைநீளம் 2.94 மைக்ரோமீட்டர். இந்த ஒளியைத் தண்ணீர் ஆவலோடு உறிஞ்சும். பல்லுக்குள் ஒளிந்திருக்கும் சிறு ஈரம் நொடியில் ஆவியாகி வெடிக்க, எனாமல் துகள்துகளாகச் சிதறுகிறது.

இப்படியொரு கருவியை வடிவமைத்தவர் கிண்டி காப்புரிமை அலுவலகத்துக்கு விண்ணப்பம் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 'லேசரை இழை வழியே பல்லுக்குக் கொண்டுசெல்லும் கருவி' என்பதோடு நிறுத்திவிட்டால்? சாதாரணக் குவார்ட்ஸ் இழை அந்த ஒளியை வழியிலேயே விழுங்கிவிடும். வேறு எந்த இழை, அல்லது கண்ணாடி பொருத்திய மடக்குக் கை எப்படி அமைகிறது என்று சொல்லியாக வேண்டும். ஒரு துடிப்புக்கு எத்தனை மில்லிஜூல், தண்ணீர் எவ்வளவு பீய்ச்ச வேண்டும் என்பதும் வேண்டும். தண்ணீர் விஷயம் லேசானதல்ல; பல் சூடாகாமல் காப்பது அதுதான். 1965-இல் ஸாக், கோஹன் என்ற இரு ஆய்வாளர்கள் குரங்குப் பற்களில் சோதித்தார்கள். பற்கூழின் வெப்பநிலை 5.5 டிகிரி செல்சியஸ் கூடியபோது சுமார் 15 விழுக்காடு பற்கள் மீளவில்லை.

1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 10(4) பிரிவு கேட்பது இதைத்தான்: கண்டுபிடிப்பையும் அதைச் செய்யும் முறையையும் முழுதாக விவரிக்க வேண்டும், தனக்குத் தெரிந்த மிகச் சிறந்த வழியை மறைக்கக் கூடாது. 20 ஆண்டுத் தனியுரிமைக்கு அதுவே விலை. விட்டுப்போன இழையைப் பிறகு திருத்தம் என்ற பெயரில் நுழைக்கவும் முடியாது. கடையில் கிடைக்கும் தண்ணீர் பம்பை விவரிக்கத் தேவையில்லை. துறை தெரிந்த ஒருவர் தாமே ஊகித்துக்கொள்வார்.

'லேசர்' என்ற சொல்லை 1957-இல் தன் குறிப்பேட்டில் எழுதிய கார்டன் கூல்டுக்கே இந்தத் தேர்வு கடினமாயிற்று. 1959 ஏப்ரலில் விண்ணப்பித்தார். முதல் லேசரை 1960 மே மாதம் எரியவிட்டவர் மெய்மன். 1973-இல் ஹெல்வார்த் என்ற இயற்பியலாளருக்கு எதிரான காப்புரிமை வழக்கில், கூல்டின் விண்ணப்பத்தைப் படித்து வேலை செய்யும் லேசரைக் கட்ட முடியாது என்று அமெரிக்க நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவருடைய முதல் முக்கிய லேசர் காப்புரிமை 1977-இல்தான் கிடைத்தது.

நம் பட்டறைகளில் 'சூட்சுமத்தை எழுதாதே' என்று சொல்லிக்கொடுப்போர் உண்டு. எனக்கு அது வருத்தம் தருகிறது. அனுப்புமுன் வரைவை ஒரு லேசர் தொழில்நுட்பரிடம் கொடுங்கள். அவர் பேனாவை எடுத்து, "இழை எது சார்?" என்று ஓரத்தில் குறித்தால், அந்தப் பக்கத்தைத் திரும்ப எழுத இன்னும் நேரம் இருக்கிறது.