மார்ச் 20க்கு முன்னும் பின்னும்

மார்ச் 20ஐ அண்ணல் மகாடில் தண்ணீர் குடித்த நாள் என்கிறோம். சவுதார் குளம் எல்லோருக்கும் பொது என்று நகராட்சி 1924இலேயே தீர்மானம் போட்டிருந்தது. அது தாளிலேயே கிடந்தது. 1927இல் நம் மக்கள் ஆயிரக்கணக்கில் ஊர்வலமாகப் போய் அள்ளிக் குடித்தார்கள். உடனே, கோயிலுக்குள்ளும் நுழையப் போகிறார்கள் என்று வதந்தி கிளப்பி, ஊர் திரும்பியவர்களை அடித்தார்கள். தயிர், பால், சாணம், கோமூத்திரம் நிறைத்த 108 பானைகளைக் குளத்தில் அமிழ்த்தித் தீட்டுக் கழித்தார்கள். (மாடு குடித்தபோது தீட்டில்லை.) ஆகஸ்டில் நகராட்சி தீர்மானத்தையே திரும்பப் பெற்றது. டிசம்பரில் மீண்டும் திரண்டபோது நீதிமன்றத் தடை. மாநாட்டுக்கு நிலம் தந்தவர் ஓர் இசுலாமியர். அங்குதான் டிசம்பர் 25 அன்று மனுஸ்மிருதி எரிந்தது. வழக்கில் பம்பாய் உயர்நீதிமன்றம் நமக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது 1937 மார்ச்சில். நம் சுவரொட்டிகளில் இந்த ஆண்டை நான் பார்த்ததில்லை.