பூகம்பத்துக்கு தேதி குறிக்க முடியுமா?

"இன்னிக்கு ராத்திரி பூகம்பம் வருதாம்!" என்று அம்பத்தூர், ஆவடி பக்கம் யாராவது நேரம் குறித்துச் சொன்னால் நம்பாதீர்கள். எந்த விஞ்ஞானியாலும் அது முடியாது.

1975-ல் சீனாவில் ஹைசெங் நகரில் சின்னச் சின்ன அதிர்வுகள் வந்தன. மக்களை வெளியேற்றினார்கள், பலர் பிழைத்தார்கள். மறு ஆண்டு டாங்சான் நகரில் அப்படி எதுவும் முன்னால் வரவில்லை. 2 லட்சம் பேருக்கு மேல் பலி!

சென்னை தப்புமா? 25-9-2001 இரவு புதுச்சேரி அருகே கடலுக்கடியில் பூகம்பம். அளவு 5.5. சென்னையும் ஆடியது. மறு ஆண்டே பூகம்ப வரைபடத்தில் சென்னை 2-வது மண்டலத்தில் இருந்து 3-வது மண்டலத்துக்கு ஏறியது.

தேதி தெரியாது. ஆனால் எந்த வீடு விழும் என்று சொல்லலாம். 2001 குஜராத் பூகம்பத்தில் ஆமதாபாத்தில் நொறுங்கியவற்றில் பல, கீழே கார் நிறுத்த வெறும் தூண் விட்டுக் கட்டிய மாடி வீடுகள். பூந்தமல்லியில் பிளாட் வாங்குவோர் ஜோசியரை விட்டுவிட்டு, அந்தத் தூண்களை என்ஜினீயரிடம் காட்டலாம்.