மீண்டும் திடலில் இறங்குவோருக்கு



இளமையில் பந்தாட்டத்தில் பெயர் வாங்கிய பலர், வேலை, திருமணம், பிள்ளைகள் என்று ஆனபின் திடல் பக்கமே போவதில்லை. பல ஆண்டுகள் கழித்து மறுபடியும் ஆட ஆசை பிறக்கிறது. எப்படித் தொடங்குவது? இதற்கு நல்ல பாடம் கனடா நாட்டில் கிடைக்கிறது.

அங்கே குளிர்காலத் தேசிய விளையாட்டு பனிக்கட்டி ஹாக்கி. 1994ஆம் ஆண்டுச் சட்டமே அவ்வாறு கூறுகிறது. இருநூறு அடி நீளப் பனித்தரையில், இரும்புத் தகடு பொருத்திய காலணியோடு, பக்கத்துக்கு ஆறு பேர் சறுக்கி ஆடுவார்கள். பந்துக்குப் பதில் தட்டையான ஒரு வட்டு. அதன் அகலம் 3 அங்குலம், கனம் 1 அங்குலம். அது எதனால் ஆனது தெரியுமா? நமக்கு நன்கு பழகிய ரப்பரால்தான்! கந்தகம் சேர்த்துச் சூடாக்கிக் கெட்டிப்படுத்திய ரப்பர் அது. துள்ளாமல் வழுக்கிச் செல்வதற்காக, பெரிய பந்தயங்களில் அதை உறைய வைத்துப் பயன்படுத்துகிறார்கள். இவ்விளையாட்டு நமக்கும் முற்றிலும் அந்நியமன்று. 2017இல் கோலாலம்பூரில் நடந்த தென்கிழக்காசியப் போட்டியில் இதுவும் இடம்பெற்றது.

கனடாவில் சிறு வயதில் இதை ஆடிவிட்டு, பிழைப்புக்காக நிறுத்தியவர்கள் ஏராளம். அவர்களில் பலர் நாற்பது, ஐம்பது வயதில் திரும்பி வருகிறார்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் இதற்கெனத் தனிக் குழுக்கள் உண்டு. பகலில் வேலை பார்த்துவிட்டு, இரவு வெகுநேரம் கழித்தும் வந்து ஆடுகிறார்கள்.

திரும்பி வருபவர் முதலில் அறிந்துகொள்ள வேண்டியது ஒன்றுண்டு. கற்ற வித்தை மறப்பதில்லை. உடல் வலிமையோ காத்திருப்பதில்லை. சைக்கிள் ஓட்டப் பழகியவர் பல ஆண்டு கழித்தும் ஓட்டுவார் அல்லவா? அதுபோலச் சறுக்கும் பழக்கம் விரைவில் திரும்பிவிடும். ஆனால் வயது ஏற ஏற இருதயம் எட்டக்கூடிய உச்சத் துடிப்பு குறைகிறது. தசைகளும் மூட்டுகளும் முன்போல் வளைந்து கொடுப்பதில்லை. மனம் இருபது வயது வேகத்தைக் கேட்கிறது. உடலால் அதைக் கொடுக்க முடிவதில்லை. ஆபத்து இந்த இடத்தில்தான் இருக்கிறது.

ஆகவே, விவரம் தெரிந்தவர்கள் படிப்படியாக வருகிறார்கள். சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், இருதய நோய் உள்ளவர்கள் முதலில் மருத்துவரைக் காண்கிறார்கள். சில வாரங்கள் நடந்தும் மெல்ல ஓடியும் மூச்சைப் பழக்குகிறார்கள். தொடையின் உட்புறத் தசை சுளுக்காமலிருக்க, ஆடுமுன் உடலைச் சூடேற்றிக் கொள்கிறார்கள். பனித்தரையில் ஒருவர் ஒரு தடவைக்கு ஒரு நிமிடத்துக்கும் குறைவாகவே ஆடிவிட்டு, வெளியே வந்து பலகையில் அமர்ந்து இளைப்பாறுவார். பெரியவர்களின் குழுக்கள் பெரும்பாலானவற்றில், உடம்பால் மோதித் தள்ளும் ஆட்டத்திற்குத் தடையும் உண்டு.

உலகப் புகழ் பெற்ற ஆட்டக்காரர் கோர்டி ஹோ, டெட்ராய்ட் குழுவில் 25 பருவங்கள் ஆடியவர். மணிக்கட்டுக் கோளாறு காரணமாக 1971இல் ஓய்வு பெற்றார். பின் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு, 1973இல் தம் 45ஆம் வயதில் ஹூஸ்டன் குழுவில் சேர்ந்தார். தம் மகன்கள் மார்ட்டி, மார்க் இருவரோடும் ஒரே அணியில் நின்று ஆடினார்! 1980இல், 52ஆம் வயதில்தான் மறுபடியும் ஓய்வு பெற்றார். வாழ்நாளெல்லாம் பயிற்சியில் ஊறிய உடல் அது. அவரே கையைச் சரிசெய்துகொண்ட பிறகுதான் திரும்பினார் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

நம் தோட்டத் திடலில் பனி இல்லை. ஆனால் உடல் ஒன்றுதான். பொங்கலுக்கோ தீபாவளிக்கோ நடக்கும் பந்தாட்டத்தில், ஆண்டு முழுவதும் ஓடாதவர் திடீரென இளைஞர்களோடு போட்டியிட்டால் என்ன ஆகும்? காலையில் மரம் சீவியதும் குலை சுமந்ததும் உழைப்புத்தான். ஆயினும் நின்று, திரும்பி, விரைந்து பாயும் ஆட்டத்துக்கு அது பயிற்சியாகிவிடாது. முழங்கால் பிசகினால் மறுநாள் பெரட்டுக்கு யார் போவது? வீட்டில் உலை வைப்பது எப்படி?

ஆட வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஒரு மாதம் முன்பே மாலையில் நடக்கத் தொடங்குங்கள். முதல் ஆட்டத்தில் பத்து நிமிடம் போதும். ஒத்த வயதினரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மார்பு வலியோ, தலைச்சுற்றலோ, அடங்காத மூச்சிரைப்போ கண்டால் உடனே உட்காருங்கள். அருகில் இருப்பவரிடம் சொல்லி மருத்துவ உதவி பெறுங்கள். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள்.

தந்தையும் தாயும் ஆடுவதைப் பார்க்கும் பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல பாடம் இல்லை. அவர்கள் ஆண்டுதோறும் அதைப் பார்க்க வேண்டுமானால், இந்த ஆண்டு நிதானமாக ஆடுங்கள்.