உங்களுக்குத் தெரியுமா? தாலியும் 69-ஆம் பிரிவும்

மலேசியாவின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் 1982-க்கு முன், கோயிலில் வழக்கப்படி தாலி கட்டினாலே கல்யாணம் செல்லும். பதிவிலாகா பக்கம் போக வேண்டியதில்லை. அந்த ஆண்டு மார்ச் 1-இல் நடப்புக்கு வந்த சட்டம் முஸ்லிம் அல்லாதோருக்குப் பதிவைக் கட்டாயமாக்கியது. ஒருபால் திருமணத்துக்குக் கதவடைத்ததும் அதே சட்டம்தான்!

• 1976-இல் இயற்றப்பட்ட அந்தத் திருமண, மணவிலக்குச் சட்டத்தின் 69-ஆம் பிரிவு சொல்வது: இருவரில் ஒருவர் ஆண், மற்றவர் பெண் என்றில்லாவிட்டால் திருமணம் செல்லாது. மனைவி இருக்க இன்னொருத்தியைக் கட்டுவதையும் இதே சட்டம்தான் தடுத்தது. தோட்டத்துப் பெண்களுக்கு அது சின்ன விஷயமில்லை.

• கல்யாணம் இருக்கட்டும், மலேசியாவில் ஒருபால் உறவே குற்றம். தண்டனைச் சட்டம் 377ஏ, 377பி பிரிவுகளின்படி 20 ஆண்டு வரை சிறை, பிரம்படியும் உண்டு. '377' என்ற எண் ஆங்கிலேயர் 1860-இல் இந்தியாவுக்கு எழுதிய சட்டத்திலிருந்து வந்தது. இந்தியாவில் 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள புதிய சட்டத்தில் அந்தப் பிரிவே இல்லை.

• இந்தியாவில், தூத்துக்குடிக் கோயிலில் திருநங்கை ஒருவர் செய்துகொண்ட திருமணத்தைப் பதிவு செய்யச் சொல்லி, 2019-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. ஆனால் ஒருபால் திருமணத்துக்கு 2023-இல் இந்திய உச்ச நீதிமன்றம் கைவிரித்துவிட்டது.

• மலேசியாவின் வடக்கு எல்லையைத் தொடும் தாய்லாந்தில் 2025 ஜனவரி 23 முதல் ஒருபால் திருமணம் சட்டப்படி செல்லும்.